நகரக் காற்றும் நாட்டின் செல்வமும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – வேதியியல்)

முன்னுரை

உணவின்றி மனிதன் சில வாரங்கள் உயிர் வாழலாம். நீரின்றிச் சில நாட்கள் வாழலாம். காற்றின்றிச் சில நிமிடங்கள் கூட வாழ இயலாது. ஆயினும் உணவுக்கு விலை கொடுக்கிறோம், இப்போது குடிநீருக்கும் விலை கொடுக்கிறோம். காற்றுக்கு மட்டும் விலை இல்லை என்று எண்ணிக் கொண்டிருக்கிறோம். உண்மையில் கெட்ட காற்றுக்கு நாம் ஒவ்வொருவரும் விலை கொடுத்துக் கொண்டுதான் இருக்கிறோம். அந்த விலை எவ்வளவு, அதைக் கொடுப்பவர் யார், காற்றைத் தூய்மையாக்கினால் மிச்சமாவது என்ன என்பதை என் சிற்றறிவுக்கு எட்டிய வரையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் காரங்காட்டைச் சேர்ந்தவன். இராமநாதபுரம் மாவட்டத்தில், பாக் விரிகுடாவின் கரையில், அலையாத்திக் காடுகள் சூழ்ந்த மீனவக் கிராமம் எங்கள் ஊர். வனத்துறையின் படகுச் சவாரிக்காக மதுரையிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் வருவோர் பலர். வந்தவர்கள் எல்லாரும் ஒரு முறை மூச்சை இழுத்துவிட்டு, "நல்ல காற்று" என்று சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். அப்படியிருக்க, காரங்காட்டுக்காரனுக்கு நகரக் காற்றைப் பற்றி என்ன கவலை என்று நண்பர்கள் கேட்கலாம். எங்கள் ஊரில் படிப்பை நிறுத்திய இளைஞர்களில் பலர் இன்று சென்னையிலும் திருப்பூரிலும் தூத்துக்குடியிலும் வேலை பார்க்கிறார்கள். ஊர்க் காற்றில் வளர்ந்த நுரையீரலை நகரத்திற்குக் கொண்டுபோய் உழைப்பவர்கள் நம் அண்ணன் தம்பிகளே. ஆகவே நகரத்துப் புகை நமக்கு அயலார் செய்தி அன்று.

காற்றில் கலப்பவை எவை?

எங்கள் ஊரில் காற்றுக்குத் திசையை வைத்துப் பெயர் சொல்வார்கள். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று ஒவ்வொன்றும் எப்போது எழும், எப்போது அடங்கும், எதில் வலை விடலாம் என்பதெல்லாம் பள்ளிக்கூடம் போகாத என் தந்தைக்கும் தெரியும். ஆனால் காற்று தன்னோடு எதைச் சுமந்து வருகிறது என்பதைக் கண்ணாலும் உடலாலும் முழுமையாக அறிய முடியாது. அதற்கு அறிவியலின் துணை வேண்டும்.

நகரக் காற்றில் கலக்கும் மாசுகளை இரு வகையாகப் பிரிக்கலாம். ஒன்று வாயுக்கள்: நிலக்கரியும் டீசலும் எரிவதால் வரும் கந்தக டை-ஆக்சைடு, இயந்திரங்களின் உயர் வெப்பத்தில் உண்டாகும் நைட்ரஜன் ஆக்சைடுகள், எரிபொருள் அரைகுறையாக எரிவதால் வரும் கார்பன் மோனாக்சைடு, வெயிலில் பிற வாயுக்கள் வினைபுரிந்து தரைமட்டத்தில் பிறக்கும் ஓசோன் ஆகியவை. மற்றொன்று துகள்கள். இவற்றுள் 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைந்த விட்டமும் உடையவற்றைப் பி.எம். 2.5 என்று அழைக்கின்றனர். நமது தலைமயிரின் தடிமன் ஏறக்குறைய 50 முதல் 70 மைக்ரோமீட்டர். அப்படியானால் ஒரு மயிரிழையின் குறுக்கே இத்தகைய துகள்கள் இருபதுக்கு மேல் வரிசையாக நிற்கலாம்.

இந்தியாவில் 2009-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட தேசியக் காற்றுத் தர அளவுகளின்படி, பி.எம். 2.5 ஆண்டுச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராமுக்கு மேல் இருத்தல் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2005-இல் 10 என்று சொன்னது. புதிய ஆய்வுகளைக் கண்டு 2021-இல் அதை 5 ஆகக் குறைத்தது.

இதை நான் ஒரு சிறு கணக்காகப் போட்டுப் பார்த்தேன். அதிக உழைப்பில்லாத ஒருவர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 கன மீட்டர் காற்றைச் சுவாசிக்கிறார் என்று கொள்வோம். கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம் என்றால் ஒரு நாளைக்கு 400 மைக்ரோகிராம். ஓர் ஆண்டுக்கு 1,46,000 மைக்ரோகிராம், அதாவது 0.146 கிராம். ஒரு சிட்டிகை உப்பை விடக் குறைவு! இவ்வளவு சிறிய அளவா ஆளைச் சாய்க்கும் என்று முதலில் எனக்கும் வியப்பாக இருந்தது. எடை சிறிது, ஆனால் துகள்களின் எண்ணிக்கை கோடிக்கணக்கில். துகள் சிறுக்கச் சிறுக்க, அதே எடைக்கு மேற்பரப்பு பெருகும் என்பதை நாம் பாடத்தில் படித்திருக்கிறோம். அந்த மேற்பரப்பில் நஞ்சுப் பொருள்கள் ஒட்டிக் கொண்டு உள்ளே செல்கின்றன. மேலும், மூட்டை சுமப்பவரும் ரிக்‌ஷா மிதிப்பவரும் உட்கார்ந்திருப்பவரை விடப் பன்மடங்கு காற்றை இழுப்பார்கள். ஒரே தெருவில் நின்றாலும் உழைப்பவனின் நெஞ்சுக்குள்தான் புகை அதிகம் போகிறது.

உடலுக்கு நேரும் கேடு

பெரிய தூசியை மூக்கின் மயிரும் சளியும் தடுத்துவிடும். நுண்துகளோ நுரையீரலின் கடைசிக் காற்றறைகள் வரை செல்கிறது. அதிலும் மிகச் சிறியவை இரத்தத்திலும் கலந்து விடுகின்றன. ஆகவே காற்று மாசு என்றால் இருமல் மட்டும் என்று எண்ணுவது தவறு. மாரடைப்பு, பக்கவாதம், நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், ஆஸ்துமா, நுரையீரல் புற்றுநோய் ஆகியவற்றுக்கும் அது காரணமாகிறது. வெளிப்புறக் காற்று மாசினைப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதிசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2013-ஆம் ஆண்டு சேர்த்தது.

நம் தமிழ்நாட்டிலேயே இதைப் பற்றிய ஆய்வுகள் நடந்துள்ளன. சென்னை போரூரில் உள்ள ஸ்ரீ இராமச்சந்திரா நிறுவனத்தின் பேராசிரியர் கல்பனா பாலகிருஷ்ணன் அவர்களும் அவருடைய குழுவினரும் கர்ப்பிணிப் பெண்களைத் தொடர்ந்து கவனித்து, 2018-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தாயும் சேயுமாக 1,285 இணைகள் அதில் இடம்பெற்றன. கர்ப்ப காலத்தில் தாய் சுவாசிக்கும் நுண்துகள் கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடும்போது, குழந்தையின் பிறப்பு எடை சராசரியாக 4 கிராம் குறைவதைக் கண்டனர். 4 கிராம் சிறிதாகத் தோன்றலாம். விறகு எரியும் சமையலறையில் நுண்துகள் பல நூறு மைக்ரோகிராம் வரை எழும் என்பதை நினைவில் கொண்டால் அதன் பொருள் விளங்கும். பிறந்து முதல் மூச்சு விடுமுன்பே குழந்தை காற்று மாசுக்கு வரி செலுத்தத் தொடங்கிவிடுகிறது.

சமையலறைப் புகையை நகர மாசு என்னும் தலைப்பில் ஏன் கொண்டு வருகிறேன் என்றால், நகரத்தின் குடிசைப் பகுதியிலும் நம் கிராமத்திலும் எரியும் அடுப்பு ஒன்றே. வீட்டின் புகை வீட்டிலேயே தங்குவதில்லை. கூரை வழியே வெளியேறித் தெருக்காற்றோடு கலந்து விடுகிறது. எங்கள் பகுதியில் எங்கும் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலம்தான் எங்கள் வீட்டு விறகு. எரிவாயு அடுப்பு வந்த பின்பும், உருளை விலைக்கு அஞ்சி, சோறு பொங்க விறகும் தேநீர் போட எரிவாயுவுமாக வாழும் குடும்பங்கள் பல.

ஒரு வீட்டுக் கணக்கு

பொருளாதார நட்டம் என்றால் என்ன என்பதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே வீட்டில் கண்டேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என்னைப் படிக்க வைப்பது என் அண்ணனின் சம்பளம். அவர் சென்னையின் வடபகுதியில் ஒரு கிட்டங்கியில் சுமை இறக்கும் வேலை செய்கிறார். நாள் முழுவதும் லாரிகள் வந்து போகும் சாலையோரம். வேலைக்குச் சென்ற நான்காம் ஆண்டில் இரவில் இழுப்பு வந்தது. மருத்துவர் ஆஸ்துமா என்றார்.

கடந்த ஆண்டுக்கு எங்கள் வீட்டில் எழுதி வைத்த கணக்கு இது. மூச்சுத் திணறலால் வேலைக்குப் போகாத நாட்கள் 42. நாளுக்கு 800 ரூபாய் வீதம் இழந்த கூலி 33,600 ரூபாய். இன்ஹேலரும் மாத்திரையும் மாதம் 500 வீதம் 6,000 ரூபாய். சோதனைகளுக்கு 4,800 ரூபாய். உடம்பு தேற ஊருக்கு வந்து திரும்பிய செலவு மூன்று முறைக்கு 3,600 ரூபாய். ஆக மொத்தம் 48,000 ரூபாய். மாதம் 26 நாள் வேலை செய்தால் அவர் பெறுவது 20,800 ரூபாய். அப்படியானால் ஆண்டில் இரண்டு மாதச் சம்பளத்திற்கு மேல் மூச்சுக்கே போய்விட்டது. இதை ஈடுகட்ட அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குச் சென்றது. அந்த வட்டி இக்கணக்கில் சேரவில்லை. படிப்பை விட்டுவிட்டு நான் வேலைக்குப் போவதா என்ற பேச்சும் அந்தச் சமயத்தில் வீட்டில் எழுந்தது. "தம்பி படிப்பை நிறுத்தினால் எனக்கு இருமல் நிற்குமா?" என்று அண்ணன்தான் அதை மறுத்தார்.

இங்கே அறிவியல் மாணவன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அண்ணனின் நோய்க்கு நகரக் காற்றுதான் காரணம் என்று என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. கிட்டங்கித் தூசியாக இருக்கலாம். பிறவியிலேயே உள்ள இயல்பாக இருக்கலாம். சிறுவயதில் அடுப்படியில் குடித்த புகையாகவும் இருக்கலாம். தனி ஒருவரின் நோயை வைத்துக் காரணத்தைக் காண்பது அரிது. ஆயிரக்கணக்கானோரைச் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை புலப்படும். எனவே அத்தகைய சான்றுகளைப் பார்ப்போம்.

கட்டுப்படுத்தியவர்கள் கண்ட பயன்

1952-ஆம் ஆண்டு டிசம்பர் 5 முதல் 9 வரை இலண்டன் மாநகரை நிலக்கரிப் புகை மூடியது. அந்நாட்களை ஒட்டி ஏறத்தாழ 4,000 பேர் மிகையாக இறந்தனர் என்று அன்று கணக்கிட்டனர். பிற்கால ஆய்வாளர்கள் அதனை 12,000 வரை உயர்த்தினர். அதன் விளைவாக 1956-இல் தூய காற்றுச் சட்டம் பிறந்தது.

அயர்லாந்தின் டப்ளின் நகரில் 1990 செப்டம்பர் 1 முதல் புகை மிகுந்த நிலக்கரி விற்பனைக்குத் தடை விதிக்கப்பட்டது. காற்றில் கரும்புகையின் அளவு சுமார் 70 விழுக்காடு குறைந்தது. தடைக்கு முந்திய ஆறு ஆண்டுகளையும் பிந்திய ஆறு ஆண்டுகளையும் ஒப்பிட்ட ஆய்வு, சுவாச நோய்களால் ஏற்படும் இறப்புகள் சுமார் 15 விழுக்காடு குறைந்ததைக் காட்டியது.

எல்லாவற்றிலும் என் மனத்தைக் கவர்ந்தது அமெரிக்காவின் யூட்டா பள்ளத்தாக்கில் நடந்தது. அங்கே இருந்த இரும்பாலை ஒன்று தொழில் தகராறு காரணமாக 1986 ஆகஸ்டிலிருந்து 13 மாதங்கள் மூடிக் கிடந்தது. பிறகு திறக்கப்பட்டது. ஆர்டன் போப் என்னும் பொருளியல் பேராசிரியர் மருத்துவமனைப் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தார். ஆலை ஓடிய குளிர்காலங்களில் மூச்சுக்குழல் அழற்சிக்கும் ஆஸ்துமாவுக்கும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கை, ஆலை மூடியிருந்த குளிர்காலத்தைப் போல் இரண்டு மூன்று மடங்காக இருந்தது. மக்கள் அதே மக்கள். ஊர் அதே ஊர். மாறியது புகை ஒன்றே. நாம் ஆய்வுக்கூடத்தில் ஒரு பொருளைச் சேர்த்தும் நீக்கியும் விளைவைக் காண்பது போல, ஓர் ஊரே ஆய்வுக்கூடம் ஆகிவிட்டது.

நம் நாட்டிலும் எடுத்துக்காட்டுகள் உண்டு. 1981-இல் காற்று மாசு தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. 2000-ஆம் ஆண்டு முதல் நாடெங்கும் ஈயம் கலவாத பெட்ரோல் வந்தது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் ஒரு நஞ்சு அதனால் தெருக்காற்றிலிருந்து நீங்கியது. உச்ச நீதிமன்றம் 1998-இல் இட்ட ஆணையின் விளைவாக, 2002 இறுதிக்குள் டெல்லி நகரப் பேருந்துகள் அனைத்தும் இயற்கை எரிவாயுவுக்கு மாறின. 2020 ஏப்ரல் 1 முதல் வந்த பி.எஸ். 6 விதியால் டீசலிலும் பெட்ரோலிலும் கந்தகம் பத்து இலட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. இவ்வளவுக்குப் பின்னும் டெல்லி குளிர்காலத்தில் திணறுவது ஏன்? பேருந்து மாறியது, ஆனால் மற்ற வண்டிகள் பெருகின, கட்டட வேலைகள் பெருகின, சுற்றுப்புற மாநிலங்களில் வைக்கோல் எரிவதும் தொடர்ந்தது. ஒரு துளையை அடைத்தால் படகு கரை சேராது. எல்லாத் துளைகளையும் அடைக்க வேண்டும்.

குஜராத்தின் சூரத் நகரில் 2019-இல் ஒரு புதுமையான முறை தொடங்கப்பட்டது. 300-க்கும் மேற்பட்ட ஆலைகள் சேர்ந்து வெளிவிடும் துகளுக்கு மொத்த வரம்பு ஒன்றை அரசு வகுத்தது. தன் பங்கினும் குறைவாகப் புகை விடும் ஆலை, மீதியைப் பிற ஆலைக்கு விற்கலாம். இதனால் துகள் வெளியீடு 20 முதல் 30 விழுக்காடு வரை குறைந்ததுடன், மாசைக் குறைக்கும் செலவும் குறைந்தது என்று ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். தொழிலும் நின்றுவிடவில்லை; காற்றும் தெளிந்தது.

நாட்டுக் கணக்கு

இனி நாட்டின் பேரேட்டைப் பார்ப்போம். 2019-ஆம் ஆண்டில் இந்தியாவில் காற்று மாசு காரணமாக நேர்ந்த இறப்புகள் 16.7 இலட்சம் என்றும், இது மொத்த இறப்புகளில் 17.8 விழுக்காடு என்றும் லான்செட் மருத்துவ இதழ்க் குழுமத்தில் 2020-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. இறப்பாலும் நோயாலும் நாடு இழந்த உற்பத்தியின் மதிப்பு 3,680 கோடி டாலர். நாட்டின் மொத்த உற்பத்தியில் 1.36 விழுக்காடு. உலகம் முழுவதற்கும் உலக வங்கி போட்ட கணக்கின்படி, 2019-இல் நுண்துகளால் நேர்ந்த உடல்நலக் கேட்டின் மதிப்பு 8.1 இலட்சம் கோடி டாலர். உலக உற்பத்தியில் 6.1 விழுக்காடு.

ஒன்றில் 1.36, மற்றொன்றில் 6.1 என்று ஏன் இவ்வளவு வேறுபாடு? இடம் வேறு என்பது ஒரு காரணம். கணக்கு முறை வேறு என்பது பெரிய காரணம். முதல் முறை, நோயாளி எவ்வளவு சம்பாதித்திருப்பார் என்று பார்க்கிறது. இரண்டாவது முறை, ஆபத்தைக் குறைத்துக் கொள்ள மனிதர் எவ்வளவு கொடுக்கத் தயாராக இருப்பர் என்று பார்க்கிறது. முதல் முறையில் கூலி குறைந்தவரின் உயிர் குறைந்த மதிப்பே பெறும். காலையில் நண்டு தரம் பிரித்து, மாலையில் வலை பொத்தி, இடையில் சமைத்துப் போடும் ஒரு தாயின் உழைப்பு எந்தச் சம்பளப் பட்டியலில் இருக்கிறது? எனவே புள்ளி விவரத்தில் தெரியும் நட்டம், உண்மை நட்டத்தினும் குறைவு என்றே நான் கருதுகிறேன்.

நட்டம் இவ்வளவு என்றால் மாசைத் தடுக்க ஆகும் செலவு எவ்வளவு? அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2011-இல் வெளியிட்ட மதிப்பீட்டில், 1990-ஆம் ஆண்டுத் தூய காற்றுச் சட்டத் திருத்தங்களால் 2020-இல் ஏற்படும் செலவு 6,500 கோடி டாலர் என்றும், நன்மை ஏறத்தாழ 2 இலட்சம் கோடி டாலர் என்றும் கணித்தது. ஒரு பங்கு போட்டால் முப்பது பங்கு வரவு! இவ்வளவு இலாபம் தரும் தொழில் வேறு எது உண்டு? இந்த வரவு ஆலை முதலாளியின் கல்லாவில் விழுவதில்லை. அது வேலைக்குப் போகும் நாட்களாக, வாங்காத மருந்துகளாக, அடகுக்குப் போகாத நகைகளாகப் பல வீடுகளில் பரவிக் கிடக்கிறது. செலவோ ஓரிடத்தில் பளிச்செனத் தெரிகிறது. சட்டங்கள் தாமதப்படுவதற்கு இதுவே முதற்காரணம் எனலாம்.

வேதியியல் மாணவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு. அனல்மின் நிலையப் புகைபோக்கியில் சுண்ணாம்புக்கல் குழம்பைத் தெளித்தால், கந்தக டை-ஆக்சைடு அதனோடு வினைபுரிந்து, ஆக்சிஜனையும் ஏற்று ஜிப்சமாக மாறும். காற்றில் நஞ்சாக இருந்தது சிமெண்ட் ஆலைக்கு விற்கத்தக்க பொருளாகிறது. நிலக்கரி மின் நிலையங்களுக்குக் கந்தக வரம்பு 2015-இல் விதிக்கப்பட்டது. காலக்கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டு, 2025-இல் பெரும்பாலான நிலையங்களுக்கு இக்கருவி கட்டாயமில்லை என விதி தளர்த்தப்பட்டது. வினை நமக்குத் தெரியும். செலவை யார் ஏற்பது என்பதில்தான் சிக்கல்.

கடற்கரை நகரம் தப்பிவிடுமா?

கடற்காற்று வீசும் ஊருக்கு மாசு இல்லை என்று சிலர் சொல்வதுண்டு. இது பாதி உண்மை. பகலில் நிலம் சூடேறுவதால் கடலிலிருந்து குளிர்காற்று வந்து புகையைக் கலைக்கிறது. ஆனால் அதே காற்று கரையோரப் புகைபோக்கிகளின் புகையை ஊருக்குள் இறக்கிவிடவும் கூடும். மேலும் மார்கழி முடிவில் விடியற்காலையில் தரை குளிர்ந்து, குளிர்ந்த காற்று கீழும் வெதுவெதுப்பான காற்று மேலுமாக நிற்கும். அப்போது புகை மேலே எழ முடியாது. பானைக்கு மூடி போட்டது போலாகும். 2018-ஆம் ஆண்டு போகியன்று சென்னையில் இதுவே நடந்தது. பழைய பொருள்களை எரித்த புகையும் பனியும் சேர்ந்து விமான நிலையத்தை மறைக்க, விமானங்கள் தாமதமாயின. சில வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டன. ஒரு காலைப் புகையின் விலையை அன்று எல்லாரும் கண்டனர்.

2019-இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தின் கீழ்க் கவனிக்கப்படும் நகரங்களில் தமிழ்நாட்டின் சென்னை, மதுரை, திருச்சிராப்பள்ளி, தூத்துக்குடி ஆகியன உள்ளன. இவற்றில் சென்னையும் தூத்துக்குடியும் கடற்கரை நகரங்களே என்பது எண்ணத்தக்கது.

செலவை ஏற்பவர் யார்?

மாசுக் கட்டுப்பாட்டைப் பேசும்போது ஏழையின் வயிற்றையும் மறக்கலாகாது. நம் மாவட்டத்தில் சீமைக்கருவேலத்தை வெட்டி, கரிமூட்டம் போட்டுப் பிழைப்பவர்கள் ஆயிரக்கணக்கில் உள்ளனர். மூட்டத்தில் விறகு குறைந்த ஆக்சிஜனில் வேகும்; கார்பன் மோனாக்சைடும் தாரும் கலந்த புகை நாட்கணக்கில் வரும். அதன் அருகிலேயே இரவு பகல் காவல் இருப்பவர் அதைச் சுவாசிக்கிறார். அந்தக் கரி நகரங்களுக்குச் செல்கிறது. புகை நமக்கு, நெருப்பு அவர்களுக்கு! நாளையே மூட்டத்தைத் தடை செய் என்றால் அடுப்பு எரியாத வீடுகள் எத்தனை? புகை குறைந்த உலைகளும் மாற்றுத் தொழிலும் தந்த பிறகே தடை நியாயமாகும்.

உப்பூரில் திட்டமிட்ட 1,600 மெகாவாட் அனல்மின் நிலையத்தின் கதையும் இத்தகையதே. வேலை கிடைக்கும் என்று சிலர் மகிழ்ந்தனர்; கடலும் காற்றும் கெடும் என்று மீனவரும் உழவரும் அஞ்சினர். 2021-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதன் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. மறுபுறம், 2016-இல் நம் மாவட்டத்துக் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் எழுந்தது. நம் வெயிலில் பிறக்கும் ஒவ்வொரு யூனிட்டும் எங்கோ எரிய வேண்டிய நிலக்கரியைச் சிறிது மிச்சப்படுத்துகிறது. காற்றைக் கெடுத்துத்தான் வேலை பெற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதற்கு இது ஒரு சான்று. எனினும் அந்த வேலையில் நம் இளைஞர்க்கு உரிய பங்கு கிடைக்கிறதா என்றும் நாம் கேட்க வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை

மாணவ நண்பர்களே! நகரங்களில் மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கிவிட்டன; சென்னையிலும் 2025 முதல் ஓடுகின்றன. பெரிய காரியங்களை அரசு செய்யட்டும். நாம் செய்யக் கூடியவையும் உள. நம் கல்லூரி வளாகத்தில் சருகையும் பிளாஸ்டிக்கையும் எரிப்பதை நிறுத்தி, சருகை மட்கச் செய்யலாம். நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் புகைபோக்கி வைத்த அடுப்பையும், சமையலறையில் காற்றோட்டத்தின் தேவையையும் விளக்கலாம். வேதியியல், இயற்பியல் துறைகள் சேர்ந்து, ஒரு சிறு துகள் அளவியை வாங்கி, பேருந்து நிலையம், சமையற்கூடம், கடற்கரை ஆகிய இடங்களில் ஆண்டு முழுதும் அளந்து பதிவு செய்யலாம். விரிவுரையாளர்கள் இதற்கு வழிகாட்ட வேண்டுமென்று பணிவுடன் கேட்டுக் கொள்கிறேன். அளக்காத எதையும் குறைக்க இயலாது.

வேலை தேடி வெளியூர் செல்லும் நம் சகோதரர்களுக்கும் ஒன்று சொல்லலாம். தூசியில் வேலை என்றால் வெறுந்துணி போதாது. நுண்துகளைத் தடுக்கும் முகக்கவசத்தை முதலாளியிடம் கேட்டுப் பெறுங்கள். இழுப்பு வந்தால் மறைக்காமல் அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

முடிவுரை

தூய காற்று பணக்கார நாடுகளின் ஆடம்பரம் என்றும், முதலில் தொழில் வளரட்டும், பிறகு காற்றைப் பார்க்கலாம் என்றும் கூறுவோர் உண்டு. மேலே கண்ட சான்றுகள் அக்கூற்றைப் பொய்யாக்குகின்றன. புகை குறைந்தால் இறப்பு குறைகிறது. நோய் குறைந்தால் வேலை நாட்கள் கூடுகின்றன. வேலை நாட்கள் கூடினால் வீடும் நாடும் செழிக்கின்றன. காற்றுக்குச் செய்யும் செலவு உண்மையில் செலவன்று, முதலீடு. ஆனால் அந்த முதலீட்டின் சுமை கூலிக்காரன் தோளில் மட்டும் ஏறாமல், புகையால் இலாபம் அடைந்தவர் தோளில் ஏற வேண்டும்.

படித்தவன் முதலில் கற்க வேண்டியது கணக்கு என்பார் எங்கள் ஊர்ப் பெரியவர்கள். வலையில் பட்ட மீனுக்குக் கணக்கு உண்டு, வாங்கிய கடனுக்குக் கணக்கு உண்டு. நாம் விடும் மூச்சுக்கும் கணக்கு உண்டு என்பதை அறிந்து, அதைப் பிறர்க்கும் எடுத்துரைப்பது கல்லூரிக் கல்வி பெற்ற நம் கடமையாகும்.